முகமும் அகமும்

நுழையும்முன்

‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்பது பழமொழி. குழந்தையின் முகம் பார்த்துப் பசியறியும் தாயும், மாணவரின் முகம் பார்த்துப் பாடத்தை மீண்டும் விளக்கும் ஆசிரியரும் அப்பழமொழியை நாள்தோறும் மெய்ப்பிக்கின்றனர். ஆயினும், முகத்தில் தெரிவன எல்லாம் அகத்தில் உள்ளவைதாமா? அகத்தில் உள்ளவை எல்லாம் முகத்தில் தெரிந்துவிடுமா? கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் படிக்க வந்த ஒரு மாணவியின் எண்ணங்கள் வழியாக இவ்வினாக்களை அணுகுகிறது இப்பாடம். உயிரியலும் தமிழும் ஒரே பொருளை இரு வேறு திசைகளிலிருந்து நோக்குவதை இதில் காணலாம்.

மலையிலிருந்து ஒரு மாணவி

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி கல்வராயன் மலை. இங்குத் தோன்றும் கோமுகி ஆறு, கச்சிராயப்பாளையத்தை அடுத்துள்ள அணையில் தேங்கிச் சமவெளியை வளப்படுத்துகிறது. சாமையும் மரவள்ளியும் விளையும் அம்மலையில், வெள்ளிமலையை அடுத்த சிற்றூர் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள் அம்மாணவி. பத்தாம் வகுப்புவரை மலையிலேயே பயின்றாள். மேல்நிலை வகுப்பில் உயிரியல் படிக்க விரும்பிக் கள்ளக்குறிச்சிக்கு வந்து விடுதியில் தங்கினாள். 2019ஆம் ஆண்டு விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது கள்ளக்குறிச்சி. 2022ஆம் ஆண்டு இம்மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. ஒருநாள் அக்கல்லூரிக்குள் மாணவியாக நுழைய வேண்டும் என்பது அவளது கனவு.

முகம் பார்த்து அறியும் கலையை அவளுக்கு முதலில் கற்பித்தவர் அவளுடைய பாட்டி. ஆடு மேய்க்கையில், காது தொங்கினால் காய்ச்சல் என்றும், அசைபோடுவதை நிறுத்தினால் வயிற்றில் கோளாறு என்றும், மந்தையைவிட்டு ஒதுங்கி நின்றால் உடம்பில் வலி என்றும் சொல்லிக்கொடுப்பார். “ஆடு வாய் தெறந்து சொல்லாது கண்ணு. நாமதான் பாத்துத் தெரிஞ்சுக்கணும்” என்பார்.

ஊரைவிட்டுப் புறப்பட்ட நாளில் பேருந்தின் சன்னல் வழியே பாட்டியின் முகத்தைப் பார்த்தாள். அதில் சிரிப்பு இல்லை, அசைவே இல்லை. தன்னைப் பிரிய மனமின்றிப் பாட்டி சினந்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டாள். மலைப்பாதையின் வளைவுகள் எல்லாவற்றிலும் அந்த முகமே உடன் வந்தது. விடுதியில் தொடங்கிய குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், “ஆயாவுக்கு நான் படிக்க வந்தது பிடிக்கவில்லை” என்று எழுதினாள்.

நான்காம் வரிசைப் புருவங்கள்

முதற்பருவத்தில் ஒருநாள், கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகளைக் கரும்பலகையில் வரையுமாறு ஆசிரியர் அவளைப் பணித்தார். பிழையின்றி வரைந்துவிட்டுத் திரும்பினாள். நான்காம் வரிசையில் அமர்ந்திருந்த மாணவி ஒருத்தி புருவங்களை நெரித்து, கண்களைச் சுருக்கி, அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘மலையிலிருந்து வந்தவளுக்கு இது ஒரு கேடா?’ என்று அந்தப் பார்வை கேட்பதாகத் தோன்றியது.

அதன்பின் மூன்று வாரங்கள் அவ்விருவரும் ஒரு சொல்லும் பேசிக்கொள்ளவில்லை. எப்போது நிமிர்ந்தாலும் அதே நெரிந்த புருவங்கள். வகுப்பில் வினாக்களுக்கு விடை தெரிந்தும் அவள் எழுந்து நிற்பதை நிறுத்திக்கொண்டாள். அவள் முகமும் இறுகியது. அவ்விறுக்கத்தைக் கண்டவர்கள் பாடம் புரியவில்லை போலும் என்று எண்ணினர். ஓரிரவு, ஊருக்கே திரும்பிவிடுவதென்று முடிவுசெய்து பெட்டியில் துணிகளை அடுக்கத் தொடங்கினாள்.

அவ்வாரம் பள்ளியில் கண் பரிசோதனை நடைபெற்றது. சில நாட்கள் கழித்து, நான்காம் வரிசை மாணவி கண்ணாடி அணிந்து வந்தாள். நெரிந்த புருவங்கள் நேராகியிருந்தன. இடைவேளையில் அவளே அருகில் வந்து, “நீ அன்னிக்கு வரைஞ்ச படம் எனக்குச் சரியாத் தெரியல. உன் நோட்டைக் கொஞ்சம் தர்றியா?” என்று கேட்டாள். பிறகு தயங்கியவாறு, “நீ பேசவே மாட்டேங்கிறியே, கோவக்காரப் பொண்ணுன்னு நெனச்சுட்டேன்” என்றாள்.

பெட்டியில் அடுக்கிய துணிகள் மீண்டும் கொடிக்கு வந்தன. அன்றிரவு குறிப்பேட்டில் இவ்வாறு எழுதினாள்: “அவள் என்னை வெறுக்கவில்லை. கரும்பலகையைப் படிக்க முயன்றாள். ஒரு புருவத்தைத் தவறாகப் படித்துவிட்டு நான் படிப்பையே விட இருந்தேன்.”

தோலை இழுக்கும் தசைகள்

சினத்திற்கும் கண்பார்வைக் குறைவிற்கும் ஒரே முகம் அமைவது எப்படி? இவ்வினாவோடு அவள் தசை மண்டலப் பாடத்திற்குள் நுழைந்தாள்.

உடலின் எலும்புத் தசைகளுள் பெரும்பாலானவை ஓர் எலும்பையும் மற்றோர் எலும்பையும் இணைத்து, மூட்டுகளை அசைக்கின்றன. முகத்தின் உணர்ச்சித் தசைகளோ வேறுவகையானவை. அவற்றுள் பல எலும்பில் தொடங்கித் தோலில் முடிகின்றன. ஆகவே அவை சுருங்கும்போது எலும்பு அசைவதில்லை, தோல் இழுபடுகிறது. தோலில் விழும் அந்த மடிப்புகளையும் வளைவுகளையுமே நாம் சிரிப்பு என்றும் சினம் என்றும் பெயரிட்டு அழைக்கிறோம்.

புருவங்களை நடுநோக்கி இழுக்கும் தசை இவற்றுள் ஒன்று. சினத்தில் அது சுருங்குகிறது. கடும் வெயிலில் கண்ணைக் காக்கவும் அதுவே சுருங்குகிறது. கடினமான கணக்கைத் தீர்க்கும்போதும், தொலைவில் உள்ள எழுத்தை உற்று நோக்கும்போதும் அதுவே சுருங்குகிறது. உயிரியல் அறிஞர் சார்லஸ் டார்வின், மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சி வெளிப்பாடு குறித்து 1872இல் வெளியிட்ட நூலில் புருவம் நெரிப்பதைத் தனியே ஆராய்ந்துள்ளார். சிந்தனையிலோ செயலிலோ இடர்ப்பாடு ஒன்றை எதிர்கொள்வதன் அடையாளமாகவே அவர் அதனைக் கருதினார். தசைக்குத் தெரிவது சுருங்கவும் தளரவும் மட்டுமே; அது ஏன் சுருங்கியது என்பதைத் தசை சொல்வதில்லை.

> தெரிந்து தெளிவோம்
> பிரெஞ்சு மருத்துவர் துஷேன், முகத்தசைகளை மின்தூண்டல் மூலம் தனித்தனியே இயக்கி, ஒளிப்படங்களுடன் 1862இல் ஒரு நூல் வெளியிட்டார். வாயின் ஓரங்களை மேலே இழுக்கும் தசையை எவரும் விரும்பியபோது இயக்கலாம். கண்ணைச் சூழ்ந்த தசையோ உள்ளம் மகிழ்ந்தால்தான் உடன் இயங்கும் என்று அவர் கருதினார். கண்களும் சேர்ந்து சிரிக்கும் சிரிப்பு இன்றும் அறிவியலில் அவர் பெயரால் வழங்குகிறது. பயிற்சியால் அச்சிரிப்பையும் வரவழைத்துக்கொள்வோர் உண்டு என்று பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன.

அசையாத பாதி

நரம்பு மண்டலப் பாடத்தில் பன்னிரண்டு இணைக் கபால நரம்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்கையில், ஏழாவது பெயரில் அவள் மனம் நின்றுவிட்டது. அது முக நரம்பு.

மண்டையோட்டின் குறுகிய எலும்புக் குழல் ஒன்றின் வழியே வந்து, காதுக்குக் கீழே வெளிப்படுகிறது இந்நரம்பு. அங்கிருந்து ஐந்து கிளைகளாகப் பிரிந்து நெற்றி, கண், கன்னம், தாடை, கழுத்து ஆகியவற்றின் தசைகளை அடைகிறது. காதருகே உள்ளங்கையை வைத்து விரல்களை முகத்தின்மேல் விரித்தால், ஐந்து விரல்களும் ஏறக்குறைய அக்கிளைகள் செல்லும் திசையைக் காட்டும். முகத்தின் ஒவ்வொரு பக்கத்திற்கும் ஒரு நரம்பு. நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து சுவையுணர்வைக் கொண்டுசெல்வதும் இந்நரம்பே.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு காலையில் பாட்டியின் முகத்தில் ஒரு பாதி அசையாமல் போனது. ஒரு கண் மூடவில்லை. வாய் ஒருபுறம் கோணியது. “சாமைச் சோறு மண்ணு மாதிரி இருக்குது” என்று சொல்லித் தட்டைத் தள்ளிவைத்தார். காற்று பட்டுவிட்டது என்றனர் சிலர். பேய் அறைந்துவிட்டது என்றனர் வேறு சிலர். மருத்துவமனைக்குச் சென்றபோது சில வாரங்கள் கடந்திருந்தன. ஓரளவு குணம் தெரிந்ததே தவிர, ஒரு பக்கம் முழுமையாக மீளவில்லை. குழந்தைகள் அவர் முகத்தைக் கண்டு அஞ்சினர். கிழவி முறைக்கிறாள் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டனர். பாட்டியும் கூட்டங்களுக்குச் செல்வதைக் குறைத்துக்கொண்டார்.

அவர் முறைக்கவில்லை; அவரது முக நரம்பு செயலிழந்திருந்தது. இசிவோ பில்லிசூனியமோ அன்று, இது நரம்பு நோய் என்பதைப் பாடநூலின் ஒரு படம் அவளுக்கு விளக்கியது. முக நரம்பு வீங்கி, எலும்புக் குழலுக்குள் நெருக்குண்டு செயலிழக்கும் இந்நிலையை முகவாதம் என்பர். முக நரம்பின் பணியை 1821இல் விளக்கிய சார்லஸ் பெல்லின் பெயராலும் மருத்துவ உலகம் இதனைச் சுட்டுகிறது. பெரும்பாலோர்க்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ இது குணமாகிவிடுகிறது. மூன்று நாட்களுக்குள் உரிய மருந்தைத் தொடங்கினால் முழுமையாக மீளும் வாய்ப்பு மிகுகிறது. மூடாத கண் உலர்ந்து புண்ணாகாமல் காப்பதும் இன்றியமையாதது.

மூளையின் இரத்தக் குழாய் அடைபட்டோ வெடித்தோ ஏற்படும் பக்கவாதத்திலும் வாய் கோணலாம். இரண்டையும் வேறுபடுத்த மருத்துவர் நெற்றியை நோக்குவார். நெற்றித் தசைகளுக்கு மூளையின் இரு பாதிகளிலிருந்தும் கட்டளை வருகிறது. எனவே மூளையின் ஒரு பாதி பாதிக்கப்பட்டாலும் பெரும்பாலும் நெற்றி சுருங்கும். முக நரம்பே செயலிழந்தால் அப்பக்கத்து நெற்றியும் சுருங்காது. நெற்றியின் சுருக்கமும் மருத்துவரின் கண்ணுக்கு ஒரு செய்தி. எனினும் முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே. வாய் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ கை தளர்ந்தாலோ ஒரு நிமிடமும் தாழ்த்தாமல் 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனையை அடைவதே மற்றவர் கடமை.

“இந்தப் பாடத்தை இரண்டு ஆண்டு முன்னால் படித்திருந்தால், அன்றே ஆயாவை மலையிறக்கிக் கூட்டி வந்திருப்பேன்” என்று குறிப்பேட்டில் எழுதினாள்.

மூளையில் இரு வழிகள்

ஒளிப்படம் எடுப்பவர் ‘சிரியுங்கள்’ என்றதும் சிரிக்க முயன்றால் முகம் ஏன் செயற்கையாகிறது? தோழியின் நகைச்சுவைக்கு அதே முகம் ஏன் இயல்பாக மலர்கிறது? தமிழகத்தில் 1951இல் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். இராமச்சந்திரன் இதனை எளிமையாக விளக்கியுள்ளார். கட்டளைக்கு இணங்கிச் சிரிப்பதும் தானாகச் சிரிப்பதும் மூளையில் வெவ்வேறு வழிகளில் நிகழ்கின்றன. மூளைப் புறணியின் இயக்கப் பகுதி பாதிக்கப்பட்டவர், சிரிக்கச் சொன்னால் ஒரு பக்கம் மட்டுமே சிரிப்பார். அன்புக்குரியவர் எதிரே வந்தாலோ முழு முகமும் மலரக்கூடும்.

பிறர் முகத்தைப் படிப்பதிலும் மூளையின் பல பகுதிகள் பங்கேற்கின்றன. ‘இவர் இன்னார்’ என்று அறிவது ஒரு பணி. ‘இவர் என்னவர்’ என்று உணர்வது மற்றொரு பணி. உணர்ச்சியோடு தொடர்புடைய லிம்பிக் மண்டலம் இரண்டாவது பணியில் இன்றியமையாதது. இராமச்சந்திரன் ஆராய்ந்த இளைஞர் ஒருவர் விபத்தில் தலையில் காயமுற்று நினைவு திரும்பியவர். பெற்றோரின் முகங்களை அவர் நன்கு அடையாளம் கண்டார். ஆயினும், “இவர்கள் என் பெற்றோரைப் போன்று தோன்றும் வேற்றாள்கள்” என்ற கருத்தில் உறுதியாக இருந்தார். அதே தந்தை தொலைபேசியில் பேசினால் தந்தை என்று ஏற்றுக்கொண்டார். அன்புக்குரியோரைக் காணும்போது மற்றவர்க்குத் தோலில் நிகழும் மிகச்சிறு வியர்வை மாற்றம், பெற்றோரின் படங்களைக் கண்டபோது அவரிடம் நிகழவில்லை. காண்பதற்கும் உணர்வதற்கும் இடையிலான இணைப்பு அறுந்தமையே காரணமாகலாம் என்று 1997இல் வெளியான ஆய்வு கருதியது. முகத்தைப் படிப்பது கண்ணால் மட்டும் நிகழ்வதன்று என்பதை இது உணர்த்துகிறது.

உலகெங்கும் ஒரே முகமா?

உணர்ச்சியைக் காட்டும் முகங்கள் மாந்தர் அனைவர்க்கும் பொதுவா? இவ்வினாவிற்கு விடை தேடிய டார்வின், 1867இல் பதினாறு வினாக்கள் கொண்ட தாளைப் பல நாடுகளுக்கு அனுப்பினார். கல்கத்தா தாவரவியல் பூங்காவிலிருந்தும் அதற்கு விடை சென்றது. நினைவை நம்பி எழுதலாகாது, நேரில் கண்டதையே எழுத வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டது இங்குக் கருதத்தக்கது. முக்கியமான வெளிப்பாடுகள் உலகெங்கும் ஒத்திருக்கின்றன என்ற முடிவிற்கு அவர் வந்தார்.

ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின், அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன் பப்புவா நியூ கினியின் ஃபோரே மக்களிடம் ஒளிப்படங்களைக் காட்டி ஆராய்ந்தார். மகிழ்ச்சி, துயரம், சினம் போன்ற முகங்களைக் கதைகளோடு அவர்கள் பொருத்திக் காட்டினர். ஆயினும் அச்சத்தையும் வியப்பையும் அவர்கள் தெளிவாக வேறுபடுத்தவில்லை. அந்நாட்டைச் சேர்ந்த டிரோபிரியாண்ட் தீவுகளில் நடந்து 2016இல் வெளியான ஆய்வு மேலும் வியப்பூட்டியது. கண்கள் அகன்று வாய் திறந்த முகத்தை மேலைநாட்டார் அச்சம் என்பர். அத்தீவின் இளைஞர் பலர் அதனை மிரட்டும் முகமாகக் கொண்டனர்.

லீசா பெல்ட்மன் பாரெட் உள்ளிட்ட ஐந்து அறிவியலாளர்கள் இத்துறை ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டு 2019இல் கட்டுரை வெளியிட்டனர். சினங்கொண்டவர் எல்லாரும் முகம் சுளிப்பதில்லை. முகம் சுளிப்பவர் எல்லாரும் சினங்கொண்டவரும் அல்லர் என்பது அதன் சாரம். முகத்தைக் கொண்டு மட்டும் அகத்தை முடிவு செய்ய இயலாது என்று அவர்கள் எச்சரித்தனர். எனினும், முகத்தைப் பார்த்தே உணர்ச்சியைக் கணிப்பதாகக் கூறும் கணினிக் கருவிகள் பெருகி வருகின்றன. பள்ளிகளிலும் பணியிடங்களிலும் அத்தகைய கருவிகளைப் பயன்படுத்துவதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டம், மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்கள் நீங்கலாக, தடைவிதித்துள்ளது. கண்ணாடியின்றிக் கரும்பலகையை உற்றுப் பார்க்கும் மாணவியை, ‘பாடத்தை வெறுப்பவள்’ என்று கருவி பதிவு செய்துவிட்டால் அதனைத் திருத்துவது யார்?

தொல்காப்பியர் வகுத்த களன்கள்

உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதைத் தமிழ் மரபு ‘மெய்ப்பாடு’ என்கிறது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே உள்ளது. சிரிப்பு, அழுகை, இளிவரல், வியப்பு, அச்சம், பெருமிதம், சினம், மகிழ்ச்சி எனும் எட்டனை அது விளக்குகிறது. சிரிப்பினை நகை என்றும், வியப்பினை மருட்கை என்றும், சினத்தினை வெகுளி என்றும், மகிழ்ச்சியினை உவகை என்றும் அந்நூல் வழங்குகிறது.

எட்டு என்று எண்ணியதோடு தொல்காப்பியர் நிற்கவில்லை. ஒவ்வொரு மெய்ப்பாடும் தோன்றுதற்குரிய நிலைக்களன்கள் நான்கு நான்காக வகுத்தார். நகை என்பது எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகியவற்றின் அடியாகத் தோன்றும். பிறரை இகழ்ந்து சிரிப்பதும் சிரிப்பே. குழந்தைத்தன்மை கண்டு சிரிப்பதும் சிரிப்பே. அழுகையோ இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகியவற்றின் அடியாகத் தோன்றும். அவமதிக்கப்பட்டவரும் அழுவர், உயிரோ பொருளோ இழந்தவரும் அழுவர், முன்னைய நிலையிலிருந்து தாழ்ந்தவரும் அழுவர், இல்லாமையால் வாடுவோரும் அழுவர். கண்ணீர் ஒன்றே, களன்கள் நான்கு. களன் அறியாமல் கண்ணீரைத் துடைக்க முற்படுபவர், பசித்தவருக்கு ஆறுதல் மொழியையும் அவமதிக்கப்பட்டவருக்குச் சோற்றையும் தந்துவிடக் கூடும்.

தமிழ் வகுப்பில் இப்பகுதியைக் கேட்டபோது அம்மாணவிக்கு நான்காம் வரிசைப் புருவங்கள் நினைவுக்கு வந்தன. முகத்தை மட்டும் பார்த்தாள், களனைப் பார்க்கவில்லை. சூழலோடு சேர்த்தே முகத்தைப் படிக்க வேண்டும் என்று இன்றைய அறிவியல் வலியுறுத்துவதும், வெளிப்பாட்டைக் களனோடு சேர்த்தே தொல்காப்பியம் வகுத்திருப்பதும் ஒன்றையொன்று தொட்டு நிற்பதை உணர்ந்தாள்.

> தெரிந்து தெளிவோம்
> திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்னும் ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. பொருட்பாலில் உள்ள 71ஆம் அதிகாரம், பிறர் சொல்லாமலேயே அவர் கருத்தை அறியும் திறனைப் பேசுகிறது. 110ஆம் அதிகாரம் காமத்துப்பாலில் அமைந்து, காதலர் ஒருவரையொருவர் குறிப்பால் அறிவதைப் பேசுகிறது.

கேட்டறிதல்

அரையாண்டு விடுமுறையில் மலைக்குச் சென்றாள். கபால நரம்புகளின் படத்தைப் பாட்டிக்குக் காட்டி, காதருகே தன் உள்ளங்கையை வைத்து ஐந்து கிளைகளையும் விளக்கினாள். பாட்டி தம் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். “அப்ப பேயும் இல்ல, காத்தும் இல்ல” என்றார். “ஆமா ஆயா, நரம்பு” என்றாள் அவள்.

பிறகு, ஆறு மாதங்களாக நெஞ்சில் இருந்ததைக் கேட்டாள். “நான் பஸ் ஏறுன அன்னிக்கு நீ ஏன் ஆயா சிரிக்கவே இல்ல? எம்மேல கோவமா?”

பாட்டி வியப்போடு பார்த்தார். “சிரிச்சுத்தானே கண்ணு அனுப்பிச்சேன்! நம்ம வீட்டுப் புள்ள படிக்கப் போவுதேன்னு வாயெல்லாம் சிரிப்பா நின்னேன். பஸ்ஸு இந்தப் பக்கமா நின்னுச்சு. சிரிக்காத பாதியைத்தான் நீ பாத்திருக்கே” என்று அசையாத கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

அவளால் சிறிது நேரம் பேச இயலவில்லை. பாட்டியே தொடர்ந்தார்: “ஆட்டுக்குத்தான் வாயில்ல, மொகத்தைப் பாக்கணும்னு சொன்னேன். எனக்கு வாய் இருக்குதே. அன்னிக்கே கேட்டிருக்கலாமில்ல?”

முகத்தைப் படிப்பது பயனற்றது என்பதன்று இதன் பொருள். பாட்டியின் கண் மூடாததைக் கண்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்வதற்கும், தோழியின் வாட்டத்தைக் கண்டு அருகில் அமர்வதற்கும் முகத்தைப் படிக்கத்தான் வேண்டும். ஆனால் படித்ததைத் தீர்ப்பாகக் கொள்ளாமல் வினாவாகக் கொள்ள வேண்டும். தசை சுருங்கியதைக் கண் காணும். அது சுருங்கிய களனை உரியவரே சொல்ல இயலும். ஒருவர் முகத்தை நோக்கி, ‘என்ன ஆயிற்று?’ என்று கேட்டு, அவர் சொல்லும்வரை பொறுத்திருப்பதே குறிப்பறிதலின் நிறைவு.

பெருமிதத்தின் நான்கு களன்களுள் முதலாவது கல்வி. மலையிலிருந்து இறங்கும் பேருந்தில் இம்முறை பாட்டி நின்ற பக்கமாகவே அமர்ந்தாள் அவள். பாட்டியும் சிரிக்கும் பாதியைப் பேருந்தின் பக்கம் திருப்பி நின்றார். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிய வரியை அடித்துவிட்டு, அதன்கீழே அவள் எழுதியது இது: “ஆயா சிரித்தார். நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.”

கற்பவை கற்றபின்

1. காதருகே உள்ளங்கையை வைத்து, முக நரம்பின் ஐந்து கிளைகள் செல்லும் இடங்களை நண்பருக்கு விளக்குக.
2. ஒருவரின் முகத்தைத் தவறாகப் புரிந்துகொண்ட நிகழ்வொன்றையும், உண்மையை எவ்வாறு அறிந்தீர்கள் என்பதையும் ஒரு பக்க அளவில் எழுதுக.
3. மெய்ப்பாடுகள் எட்டனுள் ஒன்றைத் தேர்ந்து, அதன் நான்கு களன்களுக்கும் அன்றாட வாழ்விலிருந்து எடுத்துக்காட்டுத் தருக.
4. ‘முகத்தைக் கொண்டு உணர்ச்சியைக் கணிக்கும் கருவிகள் பள்ளிகளுக்குத் தேவையா?’ என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

பாடநூல் வினாக்கள்

*பலவுள் தெரிக*

1. முக நரம்பு, கபால நரம்புகளின் வரிசையில்
அ) ஐந்தாவது  ஆ) ஏழாவது  இ) பத்தாவது  ஈ) பன்னிரண்டாவது

2. நகைக்குரிய நிலைக்களன்களுள் அடங்காதது
அ) எள்ளல்  ஆ) பேதைமை  இ) வறுமை  ஈ) மடன்

*குறுவினா*

1. முகத்தசைகள் பிற எலும்புத் தசைகளிலிருந்து எவ்வாறு வேறுபடுகின்றன?
2. முகவாதத்தையும் பக்கவாதத்தையும் வேறுபடுத்த மருத்துவர் நெற்றியை நோக்குவது ஏன்?

*சிறுவினா*

1. ‘கண்ணீர் ஒன்றே, களன்கள் நான்கு’ – விளக்குக.
2. பெற்றோரை வேற்றாள்கள் என்று கருதிய இளைஞரின் நிலையை வி.எஸ். இராமச்சந்திரன் எவ்வாறு ஆராய்ந்தார்?

*நெடுவினா*

1. ‘முகம் தீர்ப்பன்று, வினா’ என்னும் கருத்தைப் பாடத்தில் இடம்பெறும் நிகழ்வுகள், அறிவியல் ஆய்வுகள், தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் ஆகியவற்றின் துணைகொண்டு நிறுவுக.